கை கழுவச் சொன்னவர் எழுதாமல் விட்ட அறிக்கை

தம்பி, தங்கைகளே, நான் ஒரு தாதி. டிப்ளோமா முடித்து, பல ஆண்டுகள் வார்டில் வேலை செய்த பிறகுதான் பகுதி நேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். இறுதி ஆண்டில் ஒரு சிறிய ஆய்வு செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கை கழுவுதல். வார்டில் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் கைத்தூய்மித் திரவப் புட்டி ஒன்றை மாட்டி வைத்தால், பணியாளர்கள் கையைச் சுத்தம் செய்வது கூடுகிறதா என்று பார்ப்பதே நோக்கம். மாட்டுவதற்கு முன் சில வாரங்கள் கவனித்துக் குறித்தேன். மாட்டிய பின் சில வாரங்கள் குறித்தேன். கூடியிருந்தது. மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதி என் விரிவுரையாளரிடம் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் அது திரும்பி வந்தது. தாள்களில் சிவப்பு மை அதிகம் இல்லை. பின்னால் ஒரு பட்டியல் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அதில் 22 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம். என் அறிக்கைக்குப் பாதிக் கட்டங்கள் காலியாக இருந்தன. கவனித்தவர் யார்? தாங்கள் கவனிக்கப்படுவது பணியாளர்களுக்குத் தெரியுமா? கை கழுவ வேண்டிய தருணங்கள் எத்தனை, கழுவியது எத்தனை முறை? அதே காலத்தில் வார்டில் வேறு ஏதாவது மாறியதா?

கடைசிக் கேள்வியைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. மாறியிருந்தது. நான் புட்டிகளை மாட்டிய பிறகு, தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வருகை தரப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. குழு வருகிறது என்றால் எல்லாரும் ஒழுங்காகத்தான் கை கழுவுவோம். அதை நான் எழுதவில்லை. நான் பொய் எழுதவில்லை. ஆனால், உண்மையை முழுதாகவும் எழுதவில்லை.

தலை குனிந்தபடி விரிவுரையாளரைப் பார்க்கப் போனேன். அவர் திட்டவில்லை. செம்மல்வெய்ஸின் வாழ்க்கையை ஒருமுறை படித்துவிட்டு வரும்படி சொன்னார். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். மருத்துவர்களைக் கை கழுவ வைத்தவர், உலகம் கேட்காமல் போன மேதை என்று முதல் பருவத்திலேயே படித்திருந்தேன். ஆனால், எனக்குத் தெரியாத மறுபாதி ஒன்றும் அவர் கதையில் இருந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மளிகை வணிகரின் மகன்

இக்னாஸ் செம்மல்வெய்ஸ் 1818-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ஹங்கேரியின் பூடா நகரில் பிறந்தார். டான்யூப் ஆற்றின் ஒரு கரையில் பூடா, எதிர்க்கரையில் பெஸ்ட். இரண்டும் பின்னாளில் இணைந்துதான் இன்றைய புடாபெஸ்ட் ஆனது. தந்தை மளிகை வணிகர். பத்துப் பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர்.

1837-இல் சட்டம் படிக்க வியன்னாவுக்குப் போனார். ஆனால், விரைவிலேயே சட்டத்தை விட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1844-இல் பட்டம் பெற்றார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28. பேராசிரியர் யோஹான் கிளைன் அந்தப் பிரிவின் தலைவர்.

ஐரோப்பாவிலேயே பெரிய மகப்பேற்று மருத்துவமனைகளில் அது ஒன்று. அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், திருமணம் ஆகாமல் கருவுற்றவர்கள். இலவசமாகப் பிரசவம் பார்க்கப்படும். அதற்கு ஈடாக, மாணவர்கள் அவர்களைப் பரிசோதித்துக் கற்றுக்கொள்வார்கள்.

ஒரே கூரை, இரு பிரிவுகள்

மகப்பேற்று மனை இரண்டு பிரிவுகளாக இருந்தது. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். இந்த ஏற்பாடு 1840-இல் தொடங்கியது. ஒரு நாள் வரும் பெண்களை முதல் பிரிவு சேர்த்துக்கொள்ளும்; மறுநாள் வருபவர்களை இரண்டாம் பிரிவு சேர்த்துக்கொள்ளும். எந்தப் பிரிவுக்குப் போகிறோம் என்பதை, ஒரு பெண்ணுக்கு வலி கண்ட நாளே முடிவு செய்தது.

அறிவியல் வகுப்பில் நியாயமான சோதனை என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது. யாரும் திட்டமிடாமலே அப்படி ஒரு சோதனை வியன்னாவில் நடந்துகொண்டிருந்தது.

அதன் முடிவு பதிவேடுகளில் இருந்தது. 1841 முதல் 1846 வரை, முதல் பிரிவில் 20,042 பிரசவங்கள். இறந்த தாய்மார்கள் 1,989 பேர். இரண்டாம் பிரிவில் 17,791 பிரசவங்கள். இறந்தவர்கள் 691 பேர். அதாவது, ஒரு பக்கம் நூற்றுக்குப் பத்துப் பேர். மறுபக்கம் நூற்றுக்கு நான்கு பேர். முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவின் விகிதமே இருந்திருந்தால், அந்த ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,200 தாய்மார்கள் பிள்ளையோடு வீடு திரும்பியிருப்பார்கள்.

இவர்களைக் கொன்றது பிரசவக் காய்ச்சல். குழந்தை பிறந்து ஓரிரு நாளில் காய்ச்சல் காணும். வயிறு வீங்கும், வலி தாங்க முடியாது. சில நாட்களில் உயிர் பிரியும்.

ஊர்ப் பெண்களுக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. முதல் பிரிவு என்றதும் மண்டியிட்டு, கைகூப்பி, வேறு பிரிவுக்கு அனுப்பும்படி கெஞ்சினார்கள். சிலர் வழியிலேயே, தெருவிலேயே பிள்ளை பெற்ற பிறகு வந்து சேர்ந்தார்கள். அப்படித் தெருவில் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் வருவது குறைவாக இருந்ததை செம்மல்வெய்ஸ் கவனித்தார். மருத்துவமனையைவிடத் தெரு பாதுகாப்பானதா? இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை.

ஒவ்வொன்றாக நீக்கினார்

காற்றில் உள்ள நச்சுதான் காரணம் என்றார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே காற்றுதானே? நெரிசல் என்றார்கள். பெண்கள் முதல் பிரிவுக்குப் பயந்ததால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் கூடுதல். மணி அடித்துக்கொண்டே வரும் பாதிரியாரைப் பார்த்துப் பயந்து சாகிறார்கள் என்றும் ஒரு கருத்து இருந்தது. செம்மல்வெய்ஸ் அவரிடம் பேசி, மணி அடிக்காமல் வேறு வழியாக வரச் செய்தார். இறப்பு குறையவில்லை. இரண்டாம் பிரிவில் பெண்கள் பக்கவாட்டில் படுத்துப் பிள்ளை பெறுகிறார்கள் என்று அறிந்து, இங்கும் அப்படியே செய்து பார்த்தார். அப்போதும் குறையவில்லை.

காரணம் தெரியாமலே 1847 மார்ச் மாதம் நண்பர்களோடு வெனிஸ் நகரத்துக்குச் சிறு பயணம் போனார். திரும்பி வந்தபோது ஒரு துயரச் செய்தி காத்திருந்தது. அவர் மதித்த நண்பர், தடய மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ஷ்கா இறந்துவிட்டார். சவப் பரிசோதனை ஒன்றின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அந்தச் சிறு காயத்திலிருந்து நோய் உடலெங்கும் பரவி உயிரைக் குடித்தது.

நண்பரின் சவப் பரிசோதனை அறிக்கையை செம்மல்வெய்ஸ் படித்தார். அதில் எழுதியிருந்த மாற்றங்கள் அவருக்கு நன்கு பழக்கமானவை. பிரசவக் காய்ச்சலில் இறந்த நூற்றுக்கணக்கான தாய்மார்களின் உடலில் அவர் பார்த்தவை அவை. கொலெட்ஷ்காவைக் கொன்றது பிணத்திலிருந்து கத்தி வழியாக உள்ளே போன ஏதோ ஒன்று. அப்படியானால், தாய்மார்களுக்குள் அதே பொருளைக் கொண்டுபோவது எது?

கைதான். மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும் காலையில் சவப் பரிசோதனை செய்துவிட்டு, பிறகு முதல் பிரிவுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் கையில் அந்த வாடை இருக்கும். மருத்துவச்சிகள் சவப் பரிசோதனை செய்வதில்லை.

இதைப் படிக்கும்போது என் பாட்டி நினைவுக்கு வந்தார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலை முழுகாமல் பச்சைக் குழந்தையைத் தொடக் கூடாது என்பார். அதை அவர் தீட்டு என்றார். கிருமி என்று சொல்லத் தெரியாது. 1847-இல் வியன்னா மருத்துவர்களுக்கும் கிருமி பற்றித் தெரியாது. அப்படி ஒன்று நோயைப் பரப்புகிறது என்பது அப்போது நிறுவப்பட்டிருக்கவில்லை.

செம்மல்வெய்ஸை மிகவும் வாட்டியது இன்னொரு விஷயம். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், மிக அதிகமாகச் சவப் பரிசோதனை செய்தவர்களில் அவரும் ஒருவர். தம் கையால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருள்பட அவரே பின்னாளில் எழுதினார்.

கிண்ணத்தில் குளோரின் நீர்

1847 மே மாதத்தின் நடுவில் புதிய விதி வந்தது. முதல் பிரிவுக்குள் நுழையும் எவரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும். பிண வாடையை எது போக்குகிறதோ, அது அந்தப் பொருளையும் அழிக்கும் என்பது அவர் கணக்கு. விலை அதிகமாக இருந்ததால், பிறகு மலிவான குளோரினேற்றிய சுண்ணாம்புக்கு மாறினார்.

ஏப்ரல் மாதம் முதல் பிரிவில் 312 பிரசவங்களில் 57 பேர் இறந்திருந்தார்கள். அது 18 விழுக்காடு. ஜூன் மாதம் 268 பேரில் இறந்தவர்கள் 6 பேர். ஜூலையில் 250 பேரில் 3 பேர். மறு ஆண்டு, 1848 முழுவதும் முதல் பிரிவில் 3,556 பிரசவங்களில் 45 இறப்புகள். இரண்டாம் பிரிவில் 3,219 பிரசவங்களில் 43 இறப்புகள். இரண்டு பிரிவுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்தது. அந்த ஆண்டில் இரண்டு மாதங்களில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இடையில், 1847 அக்டோபரில் ஒரு பின்னடைவு ஏற்பட்டது. கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணை முதல் கட்டிலில் சேர்த்தார்கள். அவரைப் பரிசோதித்த கையோடு அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்களையும் பரிசோதித்தார்கள். 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். நோய்ப் பொருள் பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிருள்ள உடலிலிருந்தும் வரும் என்று செம்மல்வெய்ஸ் புரிந்துகொண்டார். வாசலில் ஒருமுறை கழுவினால் போதாது. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையிலும் கழுவ வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் நடந்த குழப்பத்துக்கு இதுவே மையம்.

அவர் எழுதவில்லை

இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு ஒரு மருத்துவர் என்ன செய்வார்? உட்கார்ந்து எழுதுவார், ஆய்விதழுக்கு அனுப்புவார். செம்மல்வெய்ஸ் அதைச் செய்யவில்லை. எழுதுவது என்றாலே தமக்குப் பிறவியிலிருந்தே வெறுப்பு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அவருக்காக நண்பர்கள் எழுதினார்கள். தோல் நோய் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் வியன்னா மருத்துவர் சங்கத்தின் இதழில் சுருக்கமான குறிப்புகள் வெளியிட்டார். பேராசிரியர் யோசெப் ஸ்கோடா 1849-இல் அறிவியல் கழகத்தில் பேசினார். மாணவர்களும் நண்பர்களும் வெளிநாட்டு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஆனால், அடுத்தவர் வாய் வழியாகப் போகும் செய்தி தேய்ந்துதான் போகும். பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வரி மட்டுமே: பிணத்தைத் தொட்ட கைதான் பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம். உயிருள்ள நோயாளியிடமிருந்தும் தொற்றும் என்ற பாதி பெரும்பாலும் காணாமல் போனது. எங்கள் மருத்துவமனையில் யாரும் பிணத்தைத் தொடுவதில்லை, ஆனாலும் காய்ச்சல் இருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த செய்தியை வைத்துப் பார்த்தால், அது நியாயமான கேள்வி.

கோப்பன்ஹேகன் நகரின் பேராசிரியர் கார்ல் லெவி, 1848-இல் மறுப்பு எழுதினார். தமக்குக் கிடைத்த விவரங்கள் தெளிவாகவும் இல்லை, துல்லியமாகவும் இல்லை என்பது அவர் குறை. அவர் பார்த்தது ஒரு கடிதத்தில் வந்த சுருக்கத்தைத்தான். எடின்பரோவில் இருந்த புகழ்பெற்ற ஜேம்ஸ் சிம்ப்சன், இது தொற்று நோய் என்று எங்கள் நாட்டில் ஏற்கெனவே சொல்கிறார்களே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்ற விதத்தில் பதில் அனுப்பினார். ஒருவருக்கு அது ஆதாரம் போதாத செய்தி. இன்னொருவருக்குப் பழைய செய்தி. இருவர் கையிலும் அசல் அறிக்கை இல்லை, அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை.

வியன்னாவிலேயே நிலைமை சரியில்லை. 1848-இல் புரட்சி வெடித்தது. ஹங்கேரியர்கள் மீது சந்தேகம் வளர்ந்தது. 1849-இல் அவரது பணிக்காலம் முடிந்தது, நீட்டிப்புக் கிடைக்கவில்லை. அவருடைய எண்ணிக்கைகளை ஆராயக் குழு அமைக்கும் முயற்சியும் கிளைனின் எதிர்ப்பால் நின்றது. 1850 மே மாதம் மருத்துவர் சங்கத்தில் நேரில் உரையாற்றினார், நல்ல வரவேற்பு. அதையும் அவர் கட்டுரையாக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், பொம்மை உடலை வைத்து மட்டுமே பாடம் நடத்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு அவருக்கு ஆசிரியர் உரிமை கிடைத்தது. அவமானம் தாங்காமல், நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டு வெளியேறினார். அவருக்காகப் போராடிய ஸ்கோடா போன்றோரின் மனம் புண்பட்டது.

காலம் கடந்து வந்த நூல்

பெஸ்ட் நகரின் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் 1851-இல் பொறுப்பேற்றார். அங்கும் கை கழுவச் செய்தார். ஆறு ஆண்டுகளில் 933 பிரசவங்கள்; பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே. 1855-இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1857-இல் மரியா வைடன்ஹோஃபர் என்பவரை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்து, இருவர் இளமையிலேயே இறந்தனர்.

ஒருவழியாக 1858-இல் ஹங்கேரிய மொழி மருத்துவ இதழில் எழுதத் தொடங்கினார். ஐரோப்பிய மருத்துவர்களில் மிகச் சிலரே படிக்கக்கூடிய மொழி அது. ஜெர்மன் மொழியில் அவரது பெரிய நூல் வெளிவந்தது 1861-இல். குளோரின் நீர் வைத்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது. முதல் பகுதியில் அட்டவணைகளும் தர்க்கமும் தெளிவாக இருக்கின்றன. இன்றும் படித்து வியக்கலாம். பின்பகுதியில் பெரும்பங்கு, தம்மை மறுத்தவர்கள் ஒவ்வொருவரோடும் சண்டை. பொறுமையோடு கடைசிவரை படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நூலுக்கு எதிர்ப்பு வந்ததும் அவர் கோபம் எல்லை மீறியது. 1861, 1862-இல் வியன்னா, வூர்ட்ஸ்புர்க், கோட்டிங்கன் பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் வெளியிட்டார். தம் கருத்தை ஏற்காமல் கற்பிப்பவர்களைக் கொலைக்குத் துணை போகிறவர்கள் என்று சாடினார். தாய்மார்கள் இறப்பதைப் பார்த்துப் பார்த்து வெந்த மனத்தின் குமுறல் அது. ஆனால், கொலைகாரர் என்று அழைக்கப்பட்டவர் யாரும் அதன்பின் அமர்ந்து அட்டவணையைச் சரிபார்க்க மாட்டார்.

1865-இல் அவர் மனநிலை மோசமானது. ஜூலை இறுதியில் வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 13-ஆம் தேதி, 47 வயதில் இறந்தார். காயம் சீழ் பிடித்து இரத்தத்தில் பரவியதே காரணம். காவலர்கள் அடித்ததால் ஏற்பட்ட காயம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். ஆயுள் முழுதும் எதை எதிர்த்துப் போராடினாரோ, அதே வகைத் தொற்று அவரையும் கொண்டுபோனது.

அதற்கு முந்திய நாள், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், எலும்பு முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார். செம்மல்வெய்ஸின் வேலை அவருக்குத் தெரியாது. லிஸ்டர் தம் முறையை 1867-இல் படிப்படியாக எழுதி வெளியிட்டார். கிருமிக் கொள்கை உலகத்தின் பார்வையை மாற்றியது. 1879-இல் பாரிஸில் லூயி பாஸ்டர் பிரசவக் காய்ச்சலின் கிருமியை வரைந்தே காட்டினார். இன்று புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் செம்மல்வெய்ஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த 22 அம்சங்கள்

இதைப் படித்து முடித்துவிட்டு, விரிவுரையாளர் கொடுத்த பட்டியலை மறுபடி எடுத்தேன். அதன் பெயர் ஓரியன். மருத்துவமனைத் தொற்றைத் தடுக்க எடுத்த நடவடிக்கைகளை எப்படி அறிக்கையாக்குவது என்று 2007-இல் வெளியான வழிகாட்டி. இதுபோல் இன்னும் பல உண்டு. மருந்துச் சோதனைகளுக்கு 1996-இல் கான்சார்ட் வந்தது. நோயாளிகளைக் கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகளுக்கு 2007-இல் ஸ்ட்ரோப் வந்தது. இவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தரும் ஈக்வேட்டர் என்ற அமைப்பு 2008-இல் தொடங்கப்பட்டது.

இவை எப்படி ஆய்வு செய்வது என்று சொல்லித் தருவதில்லை. செய்ததை எப்படி மறைக்காமல், விடுபடாமல் சொல்வது என்று சொல்லித் தருகின்றன. செம்மல்வெய்ஸ் 1848 தொடக்கத்தில் இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதியிருந்தால் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

எங்கே, எப்போது: வியன்னா பொது மருத்துவமனை, முதல் பிரிவு, விதி தொடங்கிய நாள்.

யாரோடு ஒப்பிட்டது: நாள் மாறி நாள் பெண்களைச் சேர்த்த இரண்டாம் பிரிவு.

என்ன செய்தது: எந்தத் திரவம், எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், யார் யார், எப்போதெல்லாம், இடையில் சுண்ணாம்புக்கு மாறியது ஏன்.

எண்ணிக்கை: மாதவாரியாகப் பிரசவங்கள், இறப்புகள், முன்னும் பின்னும்.

எதிர்பாராதது: அக்டோபரில் 12 பேரில் 11 பேர் இறந்தது, அதனால் விதியில் செய்த மாற்றம்.

வேறு விளக்கங்கள்: காற்று, நெரிசல், பாதிரியார் மணி, படுக்கும் நிலை, அவற்றை நீக்கிய விதம்.

இத்தனையும் அவரிடம் இருந்தன. ஒரு விவரம்கூடப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. எதிர்பாராதது என்ற ஒரு வரி மட்டும் கோப்பன்ஹேகனுக்கும் எடின்பரோவுக்கும் ஒழுங்காகப் போயிருந்தால், பிணம் இல்லாத மருத்துவமனையில் ஏன் காய்ச்சல் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

அதற்காக, எழுதியிருந்தால் எல்லாரும் உடனே ஏற்றிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தங்கள் கைதான் கொன்றது என்பதை ஏற்க எந்த மருத்துவருக்கும் மனம் வராது. அதிகாரமும் அரசியலும் குறுக்கே நின்றன. ஆனால், சரிபார்க்க விரும்பியவர்களுக்காவது ஒரு வழி இருந்திருக்கும்.

இன்றைய வழிகாட்டிகளும் மந்திரக்கோல் அல்ல. அவற்றை ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களில் அறிக்கைகள் முன்பைவிட முழுமையாக வருகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும் குறைகள் தீரவில்லை. கட்டத்தில் பக்க எண்ணை நிரப்பிவிட்டு உள்ளே அரைகுறையாக எழுதுபவர்களும் உண்டு. பட்டியல் கேள்வியைத்தான் கேட்கும். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியவர் எழுதுபவர்தான்.

நான் திருத்தி எழுதியது

என் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். கவனித்தது நான்தான், நான் கவனிப்பது சக ஊழியர்களுக்குத் தெரியும் என்று எழுதினேன். மதிப்பீட்டுக் குழு பற்றிய அறிவிப்பு வந்த வாரத்தை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன். உயர்வில் ஒரு பகுதி அந்தக் கோட்டுக்குப் பிறகுதான் வந்திருந்தது. புட்டிகள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடிவுரையில் எழுதும்போது கை தயங்கியது. முதல் அறிக்கையைவிட இது சிறியதாகத் தெரிந்தது. ஆனால், இன்னொரு வார்டில் இருக்கும் தாதி ஒருவர் இதைப் படித்து, குழு எதுவும் வராத மாதங்களில் அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். முதல் அறிக்கையை வைத்து அவரால் அதைச் செய்திருக்க முடியாது.

இப்போது வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் கையைத் தேய்க்கும்போது, அந்த முதல் கட்டிலில் இருந்த பெண்ணையும் அடுத்தடுத்த கட்டில்களில் இறந்த 11 பேரையும் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி, தங்கைகளே, நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பச்சைப்பயறு முளைக்க வைத்தாலும் சரி, அறிவியல் விழாவுக்குப் பெரிய திட்டம் செய்தாலும் சரி, அறிக்கை எழுதும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அந்த வேலையைப் பார்க்காத ஒரு நண்பரிடம் அதைக் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரால் அதை அப்படியே திரும்பச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எங்கே நின்றாரோ, அந்த இடத்தில்தான் நீங்கள் ஒரு வரியை விட்டிருக்கிறீர்கள். தவறிப்போன நாளையும் கெட்டுப்போன விதையையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆசிரியர் அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.